காணாமையும் ஒரு குற்றமோ?

ஓர் எழுத்தாளர் எழுதியதற்காக அவரைப் பழிக்கலாம். எழுதாமல் விட்டதற்காகப் பழிக்கலாமா? இலக்கியம் பயிற்றும் ஆசிரியர் எவர்க்கும் என்றேனும் ஒருநாள் இவ்வினா எழுந்தே தீரும். கோவலனை வெட்டிய காவலனுக்கு மனைவி மக்கள் உண்டா, அன்றிரவு அவன் உறங்கினானா என்பதை இளங்கோவடிகள் சொல்லவில்லை. அதற்காக அவரைக் குறை கூறுவார் எவரும் இலர். கதை என்பதே தேர்ந்தெடுத்தல்தான். ஒன்றை எடுப்பவன் ஒன்பதை விட்டுத்தான் ஆகவேண்டும்.

இந்த விடை சரியானதே. ஆயினும் சாமர்செட் மாமின் மலாயாக் கதைகளைப் படித்து முடிக்கும் தோட்டத்துப் பிள்ளை ஒருவனிடம் இதைச் சொன்னால் அவன் அமைதி அடைவதில்லை. அடையாமைக்குக் காரணம் உண்டு. அதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாம் நம் மாணவர்க்கு முற்றிலும் அயலார் அல்லர். 2000களில் நம் நாட்டு இடைநிலைப் பள்ளிகளின் ஆங்கில இலக்கியப் பகுதியில் அவருடைய 'தாமரை உண்பவன்' என்னும் சிறுகதை பாடமாக இருந்தது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்று இடைநிலைப் பள்ளிக்குச் சென்ற நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அதைப் படித்தார்கள், தேர்வும் எழுதினார்கள். அக்கதை இத்தாலியின் காப்ரித் தீவில் நிகழ்வது. அதே மாம் நம் நாட்டின் ரப்பர் தோட்டங்களைப் பின்புலமாக வைத்து எழுதிய கதைகள் பாடமாகவில்லை. ஆங்கிலேயர் ஒருவர் தம் பாட்டனார் காலத்துத் தோட்டத்தைப் பற்றி எழுதியிருக்கிறார் என்பதே பலருக்குத் தெரியாமற் போயிற்று. தெரிந்து நூலகத்தில் தேடிப் படித்த சிலர் வேறொரு வியப்பை அடைந்தனர். தோட்டம் இருக்கிறது, பங்களா இருக்கிறது, மரமும் மழையும் இருக்கின்றன, தொழிலாளியை மட்டும் காணோம்.

வில்லியம் சாமர்செட் மாம் 1874ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள் பாரிசிலுள்ள பிரிட்டிஷ் தூதரகத்தில் பிறந்தவர். எட்டு வயதில் தாயை இழந்தார். பத்து வயதில் தந்தையையும் இழந்தார். இங்கிலாந்தில் கென்ட் மாவட்டத்துப் பாதிரியாராகிய சிற்றப்பாவிடம் வளர்ந்தார். அன்பு குறைந்த வீடு அது. அவருக்குத் திக்குவாய் வேறு. பேசவேண்டிய இடத்தில் சொல் வராமல் நிற்பவன் பிறர் பேசுவதைக் கூர்ந்து கேட்கப் பழகிக்கொள்கிறான். மாமின் கலைக்கு வேர் அங்கேதான் என்று நான் கருதுகிறேன். வகுப்பில் திக்குகின்ற மாணவனைக் கண்டு சலித்துக்கொள்ளும் இளம் ஆசிரியர்கள் இவர் வாழ்க்கையை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

பின்னர் அவர் இலண்டனில் செயின்ட் தாமசு மருத்துவமனையில் மருத்துவம் பயின்றார். பயிற்சியின் ஒரு பகுதியாக, இலாம்பெத் என்னும் ஏழையர் குடியிருப்பில் வீடு வீடாகச் சென்று மகப்பேறு பார்க்க நேர்ந்தது. மூன்று வாரங்களில் 63 பேறுகளுக்குச் சென்றதாக அவரே எழுதியுள்ளார். காவலரும் தனியே செல்லத் தயங்கும் சந்துகளில், மருத்துவரின் கறுப்புப் பையைக் கையில் ஏந்தி நள்ளிரவில் நடந்தார். அங்கே கண்டதையும் கேட்டதையும் வைத்து 1897இல் 'இலாம்பெத்தின் லைசா' என்னும் முதல் நாவலை எழுதினார். தொழிற்சாலையில் வேலை செய்யும் ஏழைப் பெண் ஒருத்தியே அதன் தலைவி. அவள் பேசும் கொச்சை மொழி, அவள் வாங்கும் அடி, அவளுடைய சாவு எல்லாம் அந்நூலில் உண்டு. இருபத்து மூன்று வயது இளைஞர் ஒருவர் தம் வகுப்பைச் சேராத ஒருத்தியை உள்ளே புகுந்து பார்த்திருக்கிறார்.

இதை நாம் நினைவில் வைத்துக்கொள்ளல் வேண்டும். ஏழையைக் காணும் கண் மாமிடம் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. இருந்தது, இலண்டனில் இருந்தது.

அதன்பின் நாடகங்களால் பெரும்பொருள் ஈட்டினார். 1915இல் 'மானிடத் தளை' வெளிவந்தது. முதல் உலகப் போரில் ஒற்றராகப் பணியாற்றினார். இவை பலரும் எழுதிய செய்திகள். நமக்கு வேண்டியது 1921ஆம் ஆண்டு. அவ்வாண்டில்தான் அவர் முதன்முறையாக மலாயாவுக்கு வந்தார். 1925இல் மீண்டும் வந்தார். இவ்விரு பயணங்களின் விளைவாக 1926இல் 'சவுக்கு மரம்' என்னும் தொகுப்பும், 1933இல் 'ஆ கிங்' என்னும் தொகுப்பும் வெளிவந்தன. இரண்டிலும் ஆறாறு கதைகள்.

அவர் கதை தேடிய முறை எளியது. அறிமுகக் கடிதத்தோடு தோட்டத் துரையின் பங்களாவிலோ மாவட்ட அதிகாரியின் இல்லத்திலோ விருந்தினராகத் தங்குவார். மாலையில் வெள்ளையர் மன்றத்துக்குச் செல்வார். தனிமையில் வாடும் மனிதர்கள் நாளை கப்பலேறிப் போகப்போகும் விருந்தினரிடம் மனத்தைத் திறப்பார்கள். அவர் கேட்பார். கேட்டது இரண்டாண்டு கழித்து அச்சில் வரும். மலாயாவிலிருந்த ஆங்கிலேயர் அவர்மீது கடுஞ்சினம் கொண்டது இதனால்தான். உப்பிட்டவர் வீட்டு மறைச்செய்தியை ஊரறியச் செய்துவிட்டார் என்பது அவர்களின் குற்றச்சாட்டு.

அவர் கதைகளுள் பெரும்புகழ் பெற்றது 'கடிதம்'. அது ஓர் உண்மை வழக்கிலிருந்து பிறந்தது. 1911ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் இரவு, கோலாலம்பூர் விக்டோரியா கல்விக்கூடத்துத் தலைமையாசிரியர் இல்லத்தின் தாழ்வாரத்தில், பொறுப்புத் தலைமையாசிரியரின் மனைவி எத்தல் பிரவுட்லோக், வில்லியம் ஸ்டுவர்ட் என்னும் சுரங்க மேலாளரைச் சுட்டுக் கொன்றார். அவருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர்ச் சிலாங்கூர் சுல்தான் மன்னிப்பு வழங்கினார். மாம் இந்நிகழ்ச்சியை எடுத்துத் தலைமையாசிரியரைத் தோட்டத் துரையாக மாற்றினார். (தலைமையாசிரியர் இல்லத்தில் கதைச்சுவை போதாது என்று எண்ணினார் போலும். நம்மவர் சிலருக்கு இது வருத்தமாகவும் இருக்கலாம்.) நகரத்து வீட்டைவிட, சுற்றிலும் மரங்கள் சூழ்ந்த பங்களாவே தனிமைக்கும் அச்சத்துக்கும் ஏற்ற களம் என்பது அவர் கணக்கு. கலையளவில் அது சரியான கணக்கே.

ஆனால் தோட்டம் தனிமையான இடமா? நெகிரி செம்பிலானில் பிறந்து வளர்ந்த எவரையும் கேட்டுப் பாருங்கள். ரந்தாவிலும் லாபுவிலும் சிலியாவிலும் பகாவிலும் எந்தத் தோட்டத்தில் ஆளரவம் இல்லாதிருந்தது? பங்களா மேட்டின்மேல் இருக்கும். அதன் கீழே ஆபீசு, ஸ்டோர், புகைக்கூடம். அதற்கும் கீழே லயங்கள். ஒரு லயத்தில் பத்து அறை, இருபது அறை, அறைக்கொரு குடும்பம். சில வேளைகளில் அறைக்கு இரண்டு குடும்பம். விடியுமுன் பெரட்டுக்குத் தப்பு அடிக்கும் ஓசை மேட்டுக்குக் கேட்காமலா இருந்திருக்கும்? இருளில் அரிக்கேன் விளக்குகள் வரிசையாக நகர்ந்து தீம்பாருக்குள் நுழைவதைத் துரையின் விருந்தினர் தம் படுக்கையறைச் சன்னலிலிருந்தே பார்த்திருக்கலாம். வெயில் ஏறுமுன் பால் நன்றாக இறங்கும். ஆகவே இருட்டோடு மரத்தடிக்குப் போகவேண்டும். உளியால் பட்டையைச் சீவுவார்கள். மரத்தில் காயம் படாமலும், பால் குறையாமலும் சீவ வேண்டும். அது கைத்திறன், கண்திறனும் கூட. பின்னர் மங்குகளில் நிறைந்த பாலை வாளியில் சேர்த்து, காண்டாக் கம்பில் இருபுறமும் தொங்கவிட்டுச் சுமந்து வருவார்கள். கைக்குழந்தைகள் ஆயாக் கொட்டகையில் அழுதுகொண்டிருக்கும். மலைக்காய்ச்சலில் படுத்தவர்கள் தோட்டத்து மருத்துவமனையில் இருப்பார்கள். இவை எல்லாம் பங்களாவிலிருந்து கூப்பிடு தொலைவு.

இதனினும் பெரியது ஒன்று உண்டு. மாம் வந்த 1921ஆம் ஆண்டு ரப்பர் விலை வீழ்ந்து கிடந்த ஆண்டு. போர் முடிந்தபின் ஏறிய விலை சரிந்து, தோட்டங்கள் ஆள்குறைத்தன. வெள்ளைத் துரைகள் பலர் வேலை இழந்தார்கள். தமிழ்த் தொழிலாளர் கூட்டங்கூட்டமாக வேலையின்றிக் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிக்கப்பட்டபின் கங்காணிகளின் பேச்சை நம்பி வந்தவர்கள் அவர்கள். இப்போது 'காட்டில் காலடிச் சுவடுகள்' என்னும் அவர் கதையை எடுத்துக்கொள்வோம். விலைவீழ்ச்சியால் வேலை இழந்த கார்ட்ரைட் என்னும் துரை, நண்பர் பிரான்சனின் பங்களாவில் தங்குகிறார். நண்பரின் மனைவிமேல் காதல் கொள்கிறார். தொழிலாளர்க்குச் சம்பளம் போடுவதற்காக வங்கியிலிருந்து பணம் எடுத்து வரும் வழியில் பிரான்சன் சுட்டுக் கொல்லப்படுகிறார். கொள்ளையர் செய்த கொலை என்றே எல்லாரும் எண்ணுகின்றனர். ஆண்டுகள் கழித்துக் காவல் அதிகாரி அதைக் கதையாகச் சொல்கிறார். அருமையான கதை, ஒரு சொல் மிகையில்லை.

விலைவீழ்ச்சி அக்கதையில் இருக்கிறது. அதனால் வேலை இழந்த துரையும் இருக்கிறார். தொழிலாளியின் கூலிப்பணமும் இருக்கிறது. கதையே அதன்மேல்தான் சுழல்கிறது. ஆனால் அந்தக் கூலியை வாங்கவேண்டியவன் இல்லை. அந்தப் பணம் போயிற்றே, அம்மாதம் அந்தத் தோட்டத்தில் அடுப்பு எப்படி எரிந்தது? கதையின் கவலை அதுவன்று. 1920களின் பிற்பகுதியில்கூட ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும்தான் கூலி. அந்தக் காசுகளையெல்லாம் சேர்த்துக் கட்டிய ஒரு பணப்பை, இரண்டு வெள்ளையர்க்கும் ஒரு வெள்ளைப் பெண்ணுக்கும் இடையே நிகழ்ந்த காதலை மறைக்கும் திரையாகப் பயன்படுகிறது.

மாம் தமிழரையே குறிப்பிடவில்லை என்று சொல்வது பிழை. சிங்கப்பூர்த் தெருவைக் காட்டும் ஓரிடத்தில் வெறுங்காலோடு ஓசையின்றி நடந்து செல்லும் தமிழரைக் காட்டுகிறார். அயல்நாட்டில் சிறிதுகாலம் தங்க வந்தவர்களைப் போல் அவர்கள் தோன்றுவதாகவும் சொல்கிறார். எத்தகைய முரண்! சிறிதுகாலம் தங்க வந்தவர் அவர். அவர்களோ, எல்லாரும் அல்லராயினும் பலர், இம்மண்ணிலேயே மடிந்தார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் இன்று என் பள்ளியில் படிக்கிறார்கள். ஆக, மாமின் காட்சியில் தமிழர் உண்டு, கதையில் இல்லை. தெருவுக்கு வண்ணம் சேர்க்கிறார்கள். பெயரும் மனமும் பெற்று ஒரு கதையைத் தாங்கி நிற்பதில்லை.

இனி அவர் சார்பில் சொல்லத்தக்கவற்றை நேர்மையோடு சொல்லிப் பார்ப்போம்.

தாம் அறிந்ததையே எழுதினார். அறியாததை அறிந்ததுபோல் எழுதவில்லை என்பது முதல் வாதம். இது வலிமையான வாதம். தமிழ் அறியாத ஒருவர் தமிழ்த் தொழிலாளியின் உள்ளத்தைப் புனைந்து எழுதியிருந்தால், அது எத்தகைய கேலிப்படமாக முடிந்திருக்குமோ! பொய்யான படத்தைவிட வெற்றிடம் மேல் என்று சொல்ல இடமுண்டு. மேலும், அவர் தம்மவரைப் புகழ்ந்து எழுதியவர் அல்லர். நம் முன்னோர் கைகட்டி நின்று பார்த்த துரையின் உள்ளே அச்சமும் பொய்யும் குடியும் கொலையும் புழுங்கிக்கொண்டிருந்ததை அவரைப்போல் காட்டியவர் எவருமிலர். துரை வரும்போது மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கவேண்டும் என்றிருந்த வழக்கத்தை ஒழிக்கக் கோரியது, 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் ஒன்று. அவ்வாறு இறங்கி நின்ற ஒருவர் மாமின் கதைகளைப் படித்திருந்தால், தாம் யாருக்காக இறங்கினோம் என்று எண்ணிச் சிரித்திருப்பார். அவ்வகையில் மாம் நமக்கு நன்மையே செய்தார்.

அக்காலம் அப்படி, காலத்தை மீறி எவரும் பார்க்க முடியாது என்பது இரண்டாவது வாதம். இதை நான் ஏற்பதற்கில்லை. லியோனார்ட் வுல்ப் என்னும் ஆங்கிலேயர் 1904இல் இலங்கைக்கு ஆட்சிப் பணியாளராக வந்தார். முதலில் யாழ்ப்பாணத்தில் தமிழரிடையே பணியாற்றினார். பின்னர் அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தார். தமிழும் சிங்களமும் கற்றார். பதவியை விட்டு நாடு திரும்பி, 1913இல் 'காட்டிலுள்ள ஊர்' என்னும் நாவலை வெளியிட்டார். அதில் வாழ்வோரும் மாள்வோரும் வறண்ட காட்டோரத்துச் சிங்களக் குடியானவர்கள். வெள்ளையர் ஒருவர் வருகிறார். நீதிமன்றக் காட்சியில், மேடைமேல் அமர்ந்து, கீழே நிற்பவனின் வாழ்க்கை தமக்கு விளங்கவில்லை என்பதை உணர்ந்தும் உணராமலும் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போகிறார். மாம் மலாயாவில் கால் வைப்பதற்கு எட்டாண்டு முன்னரே அந்நூல் இலண்டன் கடைகளில் இருந்தது. ஆகவே காலத்தின்மேல் பழிபோட வழியில்லை. வுல்ப் ஏழாண்டு தங்கினார், மாம் சில திங்கள்தாமே தங்கினார் என்று கேட்கலாம். கேட்பது முறையே. ஆனால் இலாம்பெத்தின் 63 வீடுகளை அறிய மாமுக்கு மூன்று வாரம் போதுமானதாக இருந்தது.

அப்படியானால் வேறுபாடு எங்கே இருக்கிறது? இலாம்பெத்தில் அவர் வேலைக்காரராகப் படியேறினார். அவர் கையில் ஒரு குழந்தை பிறந்தது. மலாயாவில் அவர் விருந்தினராகத் தாழ்வாரத்தில் அமர்ந்தார். அவர் கையில் மதுக்கிண்ணம் இருந்தது. கண் ஒன்றுதான், அமர்ந்த இடம் வேறு.

இவ்விடத்தில் இன்னொருவரை நினைத்தல் தகும். ஜார்ஜ் ஆர்வெல் பீகாரின் மோத்திகாரியில் 1903இல் பிறந்தவர். 1922 முதல் 1927 வரை பர்மாவில் காவல் அதிகாரியாக இருந்தவர். இக்கால எழுத்தாளருள் தம்மை மிகுதியும் ஆட்கொண்டவர் மாம் என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்த ஆர்வெல் மொராக்கோ நாட்டு மராகேசு நகரைப் பற்றி 1939இல் எழுதிய கட்டுரையொன்றில் வியத்தகு செய்தி ஒன்று வருகிறது. அவர் வீட்டருகே நாள்தோறும் கிழவியர் விறகு சுமந்து செல்வார்கள். பல வாரங்கள் அதைக் கண்டும் அவர் மனத்தில் பதிந்தது விறகு செல்கிறது என்பதே. விறகின் கீழே ஒரு பெண் இருக்கிறாள் என்பது பதியவில்லை. அந்நாட்டில் இறங்கிய சில நிமிடங்களிலேயே கழுதைகளின் அளவு மீறிய சுமை அவர் மனத்தை உறுத்தியது. மனிதப் பெண்ணின் சுமை உறுத்தப் பல வாரம் ஆயிற்று. இதை அவர் மறைக்காமல் எழுதிவிட்டார். மாமிடம் கதை சொல்லக் கற்றவர், மாம் திரும்பிப் பாராத பக்கம் திரும்பினார்.

தமிழில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது. கண்ணோட்டம் என்பது அது. இன்று இச்சொல்லை 'பார்வை', 'கோணம்' என்ற பொருளில் செய்தித்தாள்கள் பயன்படுத்திப் பயன்படுத்தி அதன் பழம்பொருள் தேய்ந்துவிட்டது. வள்ளுவர் ஓர் அதிகாரத்துக்கே அப்பெயரை இட்டார். கண் பிறர்மேல் ஓடி நிற்பதும், அதனால் நெஞ்சு இளகுவதும் ஆகிய இரண்டையும் அவ்வொரு சொல் தாங்குகிறது. பார்த்தல் வேறு, இரங்குதல் வேறு என்று தமிழ் பிரிக்கவில்லை. அந்த அதிகாரத்தை வள்ளுவர் அறத்துப்பாலில் வைக்காமல், பொருட்பாலில் அரசியலில் வைத்திருப்பதை மாணவர்கள் கவனித்தல் வேண்டும். அதிகாரத்தில் இருப்பவனுக்கே அது முதன்மையாக வேண்டும் என்பது கருத்தாகலாம். கீழே இருப்பவன் மேலே இருப்பவனைப் பார்த்தே தீரவேண்டும். பிழைப்பு அதில் இருக்கிறது. மேலே இருப்பவனுக்கு அக்கட்டாயம் இல்லை.

ஆனால் இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. கண்ணோட்டமாவது தன்னொடு பழகியவரிடத்தில் தோன்றுவது என்றே பரிமேலழகர் பொருள் கொள்வார். அவ்வாறாயின் மாமுக்குக் கண்ணோட்டம் நிறையவே இருந்தது என்றுதான் சொல்லவேண்டும். தம்மோடு பழகிய வெள்ளையரின் துன்பத்தை, அவர்தம் இழிவையும் சேர்த்து, அவர் பரிவோடு பார்த்தார். பரிமேலழகரின் வரையறை இவ்விடத்தில் எனக்கு நிறைவளிக்கவில்லை. பழகியவர்மேல் ஓடுவதற்குக் கண்ணுக்குப் பயிற்சி எதுவும் வேண்டியதில்லை. பழகாதவரிடத்துச் செல்வதற்கன்றோ ஓர் அறநூல் வேண்டும்?

மாம் மலாயாவுக்கு வந்த அதே 1921ஆம் ஆண்டு செப்டம்பரில் சென்னைத் திருவல்லிக்கேணியில் பாரதியார் மறைந்தார். பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் துன்புற்ற இந்தியப் பெண்களுக்காக அவர் பாடிய பாடலை நாம் அறிவோம். பாரதியார் பிஜிக்குப் போனதில்லை. செய்தியாகக் கேட்டதே அவருக்குப் போதுமானதாக இருந்தது. ஆயிரங்கல் தொலைவிலிருந்து ஒருவர் காண்கிறார். நூறு முழத் தொலைவிலிருந்து ஒருவர் காணவில்லை. 1970களில் தமிழகத்திலிருந்து விருந்தினராக நம் நாட்டுக்கு வந்த அகிலன் 'பால்மரக் காட்டினிலே' என்னும் நாவலை எழுதினார். அவரும் மாமைப் போல வந்து தங்கித் திரும்பியவர்தாம். ஆனால் அவர் கால்கள் லயத்துப் பக்கம் சென்றன.

இங்கே நம் மாணவர்கள் அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வந்துவிடுவதுண்டு: தமிழன் தமிழனைக் கண்டான், வெள்ளையன் காணவில்லை, அவ்வளவுதானே? அவ்வளவு எளிதன்று. பெரட்டுக் களத்தில் பிரம்போடு நின்ற கங்காணி பேசியதும் தமிழ்தான். வேலைநாளில் அரைநாளை வெட்டி எழுதிய கிராணியும் நம்மவரே. ஒரே மொழி, சில வேளைகளில் ஒரே ஊர், ஒரே உறவு. இருந்தும் அவர்கள் கண்ணில் தொழிலாளி ஒரு நிரையாகவும் ஒரு பெயர்ப்பட்டியல் எண்ணாகவுமே தெரிந்தான். குருதி உறவு கண்ணோட்டத்தைத் தந்துவிடும் என்பதற்கு நம் தோட்ட வரலாறு சான்று பகரவில்லை.

மாமுக்கும் முழுமையாகத் தெரியாமற் போயிற்று என்று சொல்லிவிட முடியாதபடி ஒன்று 'கடிதம்' கதையில் இருக்கிறது. கொலையுண்டவனுக்கு அந்த வெள்ளைப் பெண்மணி எழுதிய கடிதம் யார் கையில் இருக்கிறது? அவனோடு வாழ்ந்த சீனப் பெண்ணின் கையில். அதைப் பத்தாயிரம் வெள்ளிக்கு விலைபேச வருபவர் யார்? வழக்கறிஞரின் சீன எழுத்தர். நீதிபதிக்கும் கணவனுக்கும் மன்றத்துக்கும் தெரியாத உண்மை, எவரும் திரும்பிப் பாராத இருவருக்குத் தெரிந்திருக்கிறது. நாம் காணாதவர்கள் நம்மைக் கண்டுகொண்டிருக்கிறார்கள் என்பதை மாமின் கலை அறிந்திருந்தது. குசினிக்காரரும் ஆயாவும் தோட்டக்காரரும் எல்லாவற்றையும் பார்த்தார்கள். மாலையில் லயத்துத் திண்ணையில் பேசிக்கொண்டார்கள். அந்தத் திண்ணைப் பேச்சையெல்லாம் ஒருவர் தொகுத்திருந்தால், 'சவுக்கு மர'த்துக்கு இணையான ஒரு நூல் தமிழில் கிடைத்திருக்கும். கேட்டவர் எவரும் எழுதவில்லை. அந்தக் காலத்தில் தோட்டப் பள்ளிகள் எந்நிலையில் இருந்தன என்பதை எண்ணினால் வியப்பில்லை. பத்துப் பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் பள்ளி வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொல்லிற்று. கிராணியோ கங்காணியோ ஓய்ந்த நேரத்தில் ஆசிரியராக அமர்ந்த கொட்டகைகளும் அன்று பள்ளி என்றே கணக்கிடப்பட்டன.

ஆகவே, காணாமை குற்றமா என்ற முதல் வினாவுக்கு என் விடை இதுதான். ஒருவர் கண்ணுக்கு எட்டாததைக் காணாமை குற்றமன்று. காணும் ஆற்றல் பெற்று, அதை வேறோரிடத்தில் பயன்படுத்தியும் காட்டி, கூப்பிடு தொலைவில் அமர்ந்து, அவர்கள் சமைத்ததை உண்டு, அவர்கள் வெட்டிய பாலின் வருவாயில் நடந்த விருந்தை ஏற்று, அதன்பின்னும் கண் அப்பக்கம் போகவில்லையென்றால் அது குறை. கலைக்குறை என்று நான் சொல்லவில்லை. கதைகள் கலையளவில் நிறைவானவையே. அது மனிதக் குறை. அக்குறைக்காக அவர் நூல்களை ஒதுக்கிவிடலாம் என்று சில ஆசிரியர்கள் சொல்வதை நான் ஒப்பவில்லை. ஒதுக்கினால் நாமும் அவரைக் காணாமல் விட்டவர்களாவோம். படிக்கட்டும். சுவைத்துப் படிக்கட்டும். பிறகு ஆசிரியர் ஒரு கேள்வி கேட்கலாம்: துப்பாக்கி வெடித்த மறுநாள் காலை அந்தத் தாழ்வாரத்தைக் கழுவியவர் யார்?

இக்கேள்வியை மாமோடு நிறுத்திக்கொள்ள நமக்கு உரிமை இல்லை. நெகிரி செம்பிலானில் ரப்பர் மரங்கள் பெரும்பாலும் செம்பனைக்கு இடம் கொடுத்துவிட்டன. நீலாய், லாபுப் பக்கத்தில் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. நம் மக்கள் சிரம்பானுக்கும் பிற நகரங்களுக்கும் குடிபெயர்ந்துவிட்டார்கள். தோட்டங்கள் எஞ்சிய இடங்களில் குலை வெட்டுகிறவர்கள் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும். பாட்டன்மார் வாழ்ந்த குடியிருப்புகளில் இன்று அவர்கள் வாழ்கிறார்கள். நம் எழுத்தாளர்களின் தோட்டக் கதைகளோ பெரும்பாலும் நாம் வெளியேறிய நாளோடு முடிந்துவிடுகின்றன. அதன்பின் தோட்டத்தில் மனிதர் எவரும் இல்லை என்பதுபோல ஒரு தோற்றம். கட்டுரைப் போட்டிகளுக்கு நடுவராகச் செல்லும்போது 'எங்கள் தோட்டம்' என்ற தலைப்பில் ஆண்டுதோறும் படிக்கிறேன். தாத்தா பால் வெட்டினார், பாட்டி வாளி சுமந்தார், கோயில் திருவிழா நடந்தது, தோட்டம் துண்டாடப்பட்டது. எல்லாம் உண்மை. எழுதவேண்டியவையும்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் என் பள்ளி ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி சற்று வேறாக எழுதியிருந்தாள். அவள் குடும்பம் இன்னும் தோட்டத்தில் இருக்கிறது. அடுத்த வீட்டில் லோம்போக் தீவிலிருந்து வந்த ஒருவர் இருக்கிறாராம். வெள்ளிக்கிழமை மாலைகளில் படிக்கட்டில் அமர்ந்து கைப்பேசியில் தம் மகளைப் பார்த்துப் பேசுவாராம். அவர் பேசுவது இவளுக்கு விளங்கவில்லை. ஆனால் திரையில் தெரியும் அந்தப் பெண்ணுக்கும் தன்னைப் போலவே இரட்டைச் சடை என்று எழுதியிருந்தாள். கட்டுரை தலைப்பை விட்டு விலகிவிட்டது என்று வகுப்பாசிரியர் மதிப்பெண் குறைத்திருந்தார். அவரை அழைத்து, அதைப் பற்றி அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.